பதினான்கும் இருபத்தொன்பதும்

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாரும் அவரைப் 'பிரசவ அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். அந்த வார்டை மூடி, பிரசவங்களை வேறொரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றியபோது ஆட்கள் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களில் சிலர் ஊசி போடும் அறைக்குப் போனார்கள், சிலர் கண் பிரிவுக்குப் போனார்கள். அவருக்கு விழுந்தது இது. அப்போது வயது நாற்பத்தாறு. கூட வேலை செய்த நர்சுகளில் ஒன்றிரண்டு பேர் அவர் கையிலேயே பிறந்திருக்கலாம். முதல் நாள் அவர்களில் ஒருத்தி, "அக்கா, இங்க யாருக்கும் வலி வராது, யாரும் கத்த மாட்டாங்க. நிம்மதியா இருங்க" என்றாளாம். அவர் எட்டுக் கட்டில்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கத்தினா தேவலைன்னு இருக்கு" என்றாராம்.

அந்த எட்டில் ஐந்தாம் கட்டிலில் என் தம்பி பன்னிரண்டு நாள் கிடந்தான். தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். மரத்தூளும் சிகரெட்டும் சேர்ந்து அவன் நுரையீரலை ஏற்கெனவே பாதி தின்றிருந்தன. ஒரு சளிக்காய்ச்சல் வந்து மீதியைக் கேட்டது. மூச்சு விட முடியாமல் வந்தவனுக்கு வாய்வழியே குழாய் செருகி வென்டிலேட்டரில் போட்டார்கள். இங்கே எழுதுவதில் நானே பார்த்தது கொஞ்சம். மற்றதை அந்த நர்சும், அவர் கணவரும், அந்தப் பிரிவின் இளம் டாக்டரும் பிறகு சொன்னார்கள். மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். இந்த மூவரும் தங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே சொன்னதால் கூடுதலாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

பிரசவ வார்டில் அவருக்கு நன்றாகத் தெரிந்த படிப்பு ஒன்று இருந்தது. தாயின் வயிற்றில் பட்டை கட்டிவிட்டால் மெஷினிலிருந்து நீளமாக ஒரு தாள் ஓடிவரும். அதில் மேல் கோடு குழந்தையின் இதயத் துடிப்பு, கீழ்க் கோடு தாயின் வலி. வலி ஏறும்போது துடிப்பு கொஞ்சம் குறைந்து, வலி இறங்கும்போது கூடவே மீண்டுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. வலி இறங்கிய பிறகும் துடிப்பு மீளாமல் தாமதித்தால் குழந்தை திணறுகிறது. எந்தக் கோட்டையும் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. சேதி இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தில் இருக்கிறது. அந்தத் தாளையும் அவர் முழுக்க நம்பியதில்லை. ஒரு கை எப்போதும் தாயின் வயிற்றின் மேல் இருக்கும். பட்டை நழுவினால் தாள் பொய் சொல்லும் என்பார்.

வென்டிலேட்டரின் திரையிலும் கோடுகள்தான். மேலே அழுத்தம், அதன் கீழே காற்றின் ஓட்டம், அதற்கும் கீழே உள்ளே போன காற்றின் அளவு. ஓட்டக் கோட்டுக்கு நடுவே ஒரு பூஜ்யக் கோடு உண்டு. அதற்கு மேலே எழுந்தால் காற்று உள்ளே போகிறது, கீழே விழுந்தால் வெளியே வருகிறது. இதை ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு புரிந்தது, திரைதான் புரியவில்லை. இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடும், ஓரம் தொட்டதும் மறுபடி இடப்பக்கம் வந்து பழையதை அழித்துக்கொண்டே புதிதாக எழுதும். தாள் கையில் நிற்கும், திருப்பிப் பார்க்கலாம். இது நாலு மூச்சுக்கு முன் நடந்ததைக்கூட மறைத்துவிடுகிறது. "எழுதுறதும் அதுதான், அழிக்கிறதும் அதுதான். கணக்கு வாத்தியார் போர்டு மாதிரி" என்று வீட்டில் குறைப்பட்டுக்கொண்டாராம்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். திரையை உறையவைக்கும் பட்டனை அழுத்திவிட்டு, கோப்பு உறையிலிருந்து வெட்டியெடுத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டைத் திரைமேல் வைத்து, மார்க்கரால் கோட்டைப் பிரதி எடுத்தார். நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷீட். மறுநாள் அதே ஷீட்டை மறுபடி திரைமேல் வைத்தால் நேற்றும் இன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இளம் நர்சுகள் இதற்கு 'ட்ராயிங் கிளாஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்சார்ஜ் சிஸ்டர், ஸ்பிரிட்டால் துடைக்காத எதையும் மெஷின் மேல் வைக்கக் கூடாது என்றார். ஸ்பிரிட் பட்டதும் மார்க்கர் மை கரைந்து இரண்டு நாள் வேலை பஞ்சில் வந்துவிட்டது. பிறகு ஒரு பக்கம் வரைந்து மறுபக்கம் துடைக்கக் கற்றுக்கொண்டார். மெஷினைத் தொடும் பக்கம் சுத்தமாக இருந்தால் போதும் என்று இன்சார்ஜும் விட்டுவிட்டார்.

அவருடைய கணவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். மகள் படிப்புக்காக வெளியூரில் இருந்ததால் சாப்பாட்டு மேசையில் இருவர் மட்டும்தான்; ஷீட்டுகள் அங்கே பரத்தப்பட்டன. அழுத்தம், ஓட்டம் என்ற சொற்களைக் கேட்டதும் அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மோட்டார் ஓடுது, பிரஷர் ஏறுது, தண்ணி சரியா போகல. என்ன பண்ணுவ?"

"உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன்."

"நான் யாருக்குப் பண்றது? ரெண்டே விஷயம்தான். பைப்ல அடைப்பா, இல்ல தொட்டியே ரொம்பிடுச்சா. ஓட்டத்தை நிறுத்திட்டு பிரஷரைப் பாரு. உடனே இறங்கினா பைப்பு. இறங்காம நின்னா தொட்டி."

மனிதனை நிறுத்திப் பார்க்க முடியாது என்று பிரசவ அக்கா சொல்லிவிட்டார். மறுநாள் இளம் டாக்டர், ஒரு மூச்சின் உச்சியில் காற்றை அரை நொடி நிறுத்திப்பிடிக்கும் பட்டனைக் காட்டினார். அழுத்தம் உடனே இறங்கினால் சளி, குழாய் மடிப்பு, மூச்சுக்குழல் சுருக்கம். இறங்காமல் நின்றால் நுரையீரலே விறைத்திருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் அடைந்த பெருமை இரண்டு வாரம் தாங்கியது. மனைவியின் ஆஸ்பத்திரியில் தன்னுடைய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இன்னொன்றையும் அந்த மேசையில்தான் பிடித்தார்கள். சில நோயாளிகளின் ஓட்டக் கோடு, வெளிமூச்சு முடிந்து பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த மூச்சு ஆரம்பித்துவிடுகிறது. தொட்டி காலியாவதற்குள் மறுபடி மோட்டார் போட்டால் வழியும் என்றார் கணவர். "மனுஷன் வழிய மாட்டான். வீங்குவான்" என்றார் இவர். என் தம்பியைப் போன்ற நுரையீரல்காரர்களுக்கு நடப்பது அதுதான். காற்று போகிறது, முழுக்க வருவதில்லை. மிச்சம் உள்ளேயே சேர்ந்துகொண்டே போகும்.

இப்படி ஐந்து மாதம் படித்தவர் கையில் என் தம்பி வந்து சேர்ந்தான்.

நான்காம் நாள் அவர் தவறு செய்தார். அந்தத் தவறை என்னைப் போன்ற ஒருவன் செய்ய முடியாது. அவரளவுக்கு உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்தவர்தான் செய்ய முடியும். காலை பதினொரு மணிக்கு, முந்தைய நாள் ஷீட்டைத் திரைமேல் வைத்துப் பார்த்தார். அழுத்தக் கோடு மேட்டின்மேல் மேடாக, மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தபோது, "நேத்து மாதிரியே இருக்கு சார், மாற்றம் இல்ல" என்றார். பக்கத்துக் கட்டிலில் வேறொருவர் மோசமாக இருந்தார். டாக்டர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அந்த மெஷினுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடு திரையைத் தாண்டிவிடும் என்றால் தன் அளவுகோலைத் தானே மாற்றிக்கொள்ளும். நேற்று திரையின் உச்சி நாற்பது, தம்பியின் அழுத்தம் இருபத்தெட்டு. இன்று உச்சி அறுபது, அவன் அழுத்தம் நாற்பத்திரண்டு. உயரம் இரண்டும் ஒன்றேதான். மாறிய எண் ஓரத்தில் பொடியாக இருந்தது. கத்த வேண்டிய அலாரத்தின் எல்லையை, இருமும்போதெல்லாம் கத்துகிறது என்று யாரோ காலையில் ஐம்பதுக்கு ஏற்றியிருந்தார்கள். இதில் என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது வேறொன்று. மணிக்கொரு முறை அழுத்தத்தை அட்டவணையில் எழுத வேண்டும். இருபத்தொன்பது, முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று அவருடைய கையே வரிசையாக எழுதியிருந்தது. கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கண்டுகொள்ளப் பழகியவன், பழகிய பிறகு அதை மட்டுமே காண்கிறான். இது அவருக்கு மட்டும் உள்ள குறை என்று நான் நினைக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தம்பியின் இரத்த அழுத்தம் விழுந்தது. இளம் டாக்டர் ஓடிவந்து மெஷினின் குழாயைக் கழற்றி, மார்பை இரு கைகளாலும் அமுக்கினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று நீளமாக, அரை நிமிடம்போல, வெளியே வந்துகொண்டே இருந்ததாம். இரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. பிறகு மெஷினின் மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, காற்று வெளியேற நேரம் கொடுத்தார்கள். தம்பி பிழைத்தான்.

மாலை நான்கு மணி பார்வையாளர் நேரத்தில் நானும் தம்பி மனைவியும் நடைபாதை நாற்காலிகளில் இருந்தோம். பிரசவ அக்கா வந்து எதிரே நின்றார்.

"நான் இன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. அதை நீங்க என் வாயாலதான் கேக்கணும்."

நடந்ததை ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் சொன்னார். ஷீட், அளவுகோல், அட்டவணையில் தானே எழுதிய எண்கள் எல்லாவற்றையும் சொன்னார். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற வாக்கியம் அதில் வரவில்லை. அலாரத்தை ஏற்றியது வேறு யாரோ என்பதையும் அவர் சொல்லவில்லை. அதை நான் பிறகு டாக்டரிடமிருந்துதான் அறிந்தேன்.

தம்பி மனைவி ஒரு தையல் ஆலையில் துண்டுத் துணிகளை எண்ணிக் கட்டும் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே நீங்க அவர் பக்கம் வராதீங்க சிஸ்டர்" என்றாள்.

"சரிம்மா. இன்சார்ஜ்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்று அவர் போய்விட்டார்.

அன்று எனக்கும் கோபம்தான். நன்றி என்று எதுவும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து, குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பது உறைத்தது. நாங்கள் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள். இரத்த அழுத்தம் விழுந்தது, சரிசெய்தோம் என்று சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்போம். ஒருவர் நமக்குச் செய்யும் நன்மைக்கு நன்றி சொல்வது எளிது. தன் தவறை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இதைத் தம்பி மனைவியிடம் சொல்லவும் அப்போது எனக்கு வாய் வரவில்லை.

இன்சார்ஜ் அவரை நான்காம் கட்டிலுக்கு மாற்றினார். இன்னொரு தவறு என்றால் ஊசி அறைதான் என்றும் சொல்லிவைத்தார். அவர் ஷீட்டுகளை விடவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அளவுகோலின் எண்ணை முதலில் சிவப்பில் எழுதிவிட்டுத்தான் கோட்டைத் தொட்டார்.

எட்டாம் நாள் தம்பியின் நிலை பொதுவாகத் தேறியிருந்தது. மெஷினை வேறு முறைக்கு மாற்றியிருந்தார்கள். இதில் மூச்சை ஆரம்பிப்பது நோயாளியின் வேலை. அவன் இழுக்கத் தொடங்கினால் மெஷின் உணர்ந்து காற்றைத் தள்ளி உதவும். எத்தனை முறை உதவியதோ அது மூச்சு எண்ணிக்கையாகத் திரையில் வரும். ஆனால் மயக்க மருந்தைக் குறைக்கும்போதெல்லாம் தம்பி வியர்த்தான், கையை உதறினான், நெற்றி சுருங்கியது. மெஷினோடு சண்டை போடுகிறார் என்றார்கள். மறுபடி மருந்து, மறுநாள் மறுபடி சண்டை. பத்தாம் நாள் பெரிய டாக்டர் எங்களை அழைத்து, குழாயை இனியும் வாயில் வைத்திருக்க முடியாது, தொண்டையில் துளையிட்டு அதன் வழியே வைக்கலாம், நீண்ட நாள் மெஷின் தேவைப்படலாம் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். வாரங்கள் இருக்கலாம், அதற்குமேல் சொல்ல முடியாது என்றார். அவர் பொய் சொல்பவர் அல்ல. மறுநாள் காலை செய்வதாக இருந்தது. சம்மதத் தாளை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

நான்கு மணிக்கு உள்ளே போனோம். தம்பி மனைவி தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். தம்பி கண்ணைப் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அப்போது பார்த்துக்கொண்டிருந்த இளம் நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தாள். நான்காம் கட்டிலுக்கும் ஐந்தாம் கட்டிலுக்கும் நடுவிலுள்ள திரைச்சீலையின் விளிம்பில் பிரசவ அக்கா நின்றார். எங்கள் பக்கம் ஓரடிகூட வைக்கவில்லை.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லலாமா? நான் அவரைத் தொட மாட்டேன்."

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"உங்க கையை அவர் வயித்து மேல, விலா முடியிற இடத்துல வைங்க. அமுக்க வேண்டாம். மூச்சு இழுக்கத் தொடங்குறப்ப அந்த இடம் சின்னதா தூக்கும். எத்தனை தடவை தூக்குதுன்னு ஒரு நிமிஷம் எண்ணுங்க. நான் மெஷினைப் பாக்குறேன். நான் பாக்குறதை உங்ககிட்ட இப்ப சொல்ல மாட்டேன்."

அவள் கையை வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்தது. துணி எண்ணுகிறவர்கள் வாய் அசைக்காமல் எண்ணுவார்கள். அவள் கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு பத்துக்கும் விரல்களின் மேல் நகர்ந்தது.

"இருபத்தொன்பது" என்றாள்.

"மெஷின்ல பதினாலு."

தம்பி மனைவி, தான் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. மறுபடி ஒருமுறை எண்ணினாள். முப்பது. மெஷினில் அதே பதினான்கு.

அதற்குப் பிறகுதான் அவர் தன் ஷீட்டைக் காட்டினார். இரண்டு நாளாகப் பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் இளம் நர்சிடம் கேட்டு வரைந்தது. ஓட்டக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மெல்ல மேலேறிவரும் வழியில் ஒரு சின்ன மேடு. அதே நேரத்தில் மேலே அழுத்தக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் குப்பை. இதயத் துடிப்பு, குழாயில் தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில் வருவதுதான் விஷயம். "அவர் இழுக்குறார்மா. உள்ள காத்து அடைஞ்சு கிடக்கிறதால அந்த இழுப்பு மெஷின் வரைக்கும் எட்டல. ரெண்டு தடவை இழுத்தா ஒரு தடவைதான் கதவு திறக்குது. யாரா இருந்தாலும் கையை உதறத்தான் செய்வாங்க."

டாக்டரிடம் சொன்னாரா என்று கேட்டேன். காலையில் சொன்னதாகவும், நீ ஒருமுறை கோடு பார்த்தது போதாதா என்ற அர்த்தத்தில் இன்சார்ஜ் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அதுவும் தன் தப்புதான் என்றார்.

தம்பி மனைவி கைப்பையைத் திறந்து தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "மாமா, டாக்டர் வந்து எண்ணட்டும். அப்புறம் போடலாம்." அவள் கை தம்பியின் வயிற்றிலேயே இருந்தது.

பெரிய டாக்டர் வந்தார். நேரம் முடிந்தும் பார்வையாளர்கள் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஷீட்டை வாங்கிப் பார்த்தார், ஓரத்திலிருந்த சிவப்பு எண்களைப் பார்த்தார், திரையை உறையவைத்துப் பார்த்தார். தன் கையை வைத்து எண்ணினார். பிறகு இளம் டாக்டரிடம், "இது புத்தகத்துல இருக்கிற விஷயம்தானே. நாம ஏன் பாக்கல?" என்றார். அதில் 'நாம' என்ற சொல்லை நான் கவனித்தேன்.

செய்த மாற்றம் மிகச் சின்னது. ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் தள்ளும் உதவியைப் பதினெட்டிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். அதிகமாகத் தள்ளியதால்தான் உள்ளே அதிகம் அடைந்தது. அடைந்ததால்தான் அடுத்த இழுப்பு எட்டவில்லை. உதவியைக் குறைத்தால் நோயாளி தேறுவான் என்பது என் புத்திக்கு உடனே ஏறவில்லை. எனக்கு மட்டும் இல்லை. சில நிமிடங்களில் திரையில் பதினான்கு இருபதாயிற்று, இருபத்தைந்தாயிற்று, இருபத்தெட்டாயிற்று. இளம் டாக்டர், "சார், ரேட் ரெண்டு மடங்கு ஏறிடுச்சு, இவரால தாங்க முடியல, பழைய அளவுக்கே போயிடலாமா?" என்று கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனார்.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிரசவ அக்கா திரைச்சீலையின் அந்தப் பக்கத்திலிருந்து தம்பி மனைவியைத்தான் பார்த்தார்.

"உங்க கைக்கு எவ்வளவு வருது?"

"இருபத்தெட்டு. முதல்ல எண்ணினதை விட ஒண்ணு கம்மி."

"அவர் வேகமா மூச்சு விடல சார்" என்று அவர் டாக்டரிடம் சொன்னார். "எப்பவும் விட்டதைத்தான் விடுறார். இப்பத்தான் மெஷினுக்குக் கேக்குது."

பெரிய டாக்டர் இளம் டாக்டரின் கையைத் தொட்டு விலக்கினார். ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு மணி நேரம் எங்களை உள்ளேயே இருக்கவிட்டார்கள். தம்பியின் நெற்றியிலிருந்த சுருக்கம் முதலில் தளர்ந்தது. கை உதறல் நின்றது. திரையில் எண் இருபத்தாறு, இருபத்துநான்கு, இருபத்துமூன்று என்று இறங்கியது. தம்பி மனைவியின் எண்ணும் கூடவே இறங்கியது. ஆறு மணிக்கு அவன் மயக்க மருந்து இல்லாமல் கண்ணை முழுக்கத் திறந்து, யாரடா நீங்களெல்லாம் என்பதுபோல எங்களைப் பார்த்தான். சம்மதத் தாளைப் பெரிய டாக்டர் என்னிடமிருந்து வாங்கி, இப்போதைக்கு வேண்டாம் என்று தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முழுவதும் அதே அளவில் நின்றான். பன்னிரண்டாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். பத்து நிமிடம் இருமினான். பிறகு மணல் அரைக்கும் குரலில், பட்டறையில் பாதியில் நிற்கும் அலமாரியின் கதவில் யார் கை வைத்தது என்று கேட்டான். யாரும் கை வைக்கவில்லை என்று சொன்னோம். "வச்சிடாதீங்க. கெடுத்துடுவீங்க" என்றான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது, இன்றுவரை நினைவில்லை.

எனக்கு அன்று இருந்த உணர்வுக்கு நன்றி என்ற ஒரு சொல் போதவில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை. அது தம்பி பிழைத்ததற்கு மட்டுமான நன்றி இல்லை. சரியாகப் பார்ப்பது என்பது எவ்வளவு கடினமான வேலை, அதைச் சிலர் எங்கோ நமக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஒருமுறை பார்வை பிசகியதற்காகப் பார்ப்பதையே விட்டுவிடாமல் மறுநாளும் வருகிறார்கள் என்பது எனக்குப் புத்தகங்களில் படித்த விஷயமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர் என்ற சொல்லை நான் சிக்கனமாகச் செலவழிப்பவன். அவர் விஷயத்தில் கணக்குப் பார்க்கவில்லை.

மதியம் தம்பியைப் பொது வார்டுக்கு மாற்ற ட்ராலி வந்தது. இளம் நர்ஸ் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி நான்காம் கட்டில் பக்கம் போனாள். என்ன பேசப்போகிறாள் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை, புகழ்கிற ஆளும் இல்லை.

"சிஸ்டர், நீங்க அவர் பக்கத்துல வாங்க" என்றாள்.

"இப்ப வார்டுக்கே போறாரேம்மா. இனிமே நான் என்ன பண்ண?"

"வார்டு வரைக்கும் வாங்க."

அவர் இன்சார்ஜைப் பார்த்தார். இன்சார்ஜ் தலையசைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்த எட்டு நாளில் முதல்முறையாகத் திரைச்சீலையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து ட்ராலியின் கம்பியைப் பிடித்தார். தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்று மனைவியிடம் கேட்டான். "பேசாம வாங்க" என்றாள் அவள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. சரிவுப் பாதை வழியாக ட்ராலிக்காரரோடு நால்வருமாகச் சேர்ந்து தள்ளினோம். பார்ப்பதற்குக் கோடு ஒன்றும் இல்லாததால், பிரசவ அக்கா வழிநெடுகப் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.